முத்துமாரியின் சும்மாடு

இப்போதெல்லாம் இடுப்பு வலி என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பெரிய கவரோடுதான் வருகிறார்கள். உள்ளே ஸ்கேன் படம் இருக்கும். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே படத்தை மேஜையில் வைத்துவிட்டு, "எப்ப ஆபரேஷன்?" என்று கேட்கிறார்களாம். நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாள் ஆகிவிட்டது. ஆனாலும் என் தங்கை மகள் செல்வி அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதால் இந்தச் செய்திகள் எல்லாம் சுடச்சுட என் வீட்டுக்கு வந்துவிடும். போன மாதம் அவள்தான் கேட்டாள்.

"ஏன் பெரியம்மா, ஒங்க காலத்துல ஸ்கேனே கிடையாதே. எத வச்சு ஆபரேஷன் வேணும், வேண்டாம்னு முடிவு பண்ணுவீக?"

"உக்கார வச்சுப் பாப்போம்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மதுரையில் நர்ஸ் பயிற்சி. விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடியதும், மேட்ரன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் தின்பண்டத்தை ஒளித்ததும்தான் அதிகம் ஞாபகமிருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டைக்கு வந்து, திருச்சுழிக்குப் போகிற ரோட்டில் ஒரு பெண் டாக்டர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஒரு வருடம் இருந்துவிட்டு மதுரைக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்தேன்.

பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனால் சத்தம் நின்றுவிடும். அதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் திடீரென்று நாணிப்போய்க் குரலைத் தாழ்த்துவோம். திருச்சுழிப் பக்கத்திலிருந்து காலை பஸ் வந்து நின்றால் எங்கள் வராந்தா நிறைந்துவிடும். தலையில் பஞ்சுத் துகளோடு வரும் பெண்கள், காலில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருக்கும் பெண்கள். பிரசவம் பார்க்கத்தான் அந்த ஆஸ்பத்திரி என்று பெயர். ஆனால் பெண்களுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எது வலித்தாலும் எங்களிடம்தான் வருவார்கள். அதில் பாதி இடுப்பு வலி.

டாக்டரம்மா குட்டையான உருவம். ரப்பர் செருப்பு, கைத்தறிச் சேலை, முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்ட வளையல். குரல் உயரவே உயராது. அவருக்குக் கோபம் வந்தால் அது குரலில் தெரியாது, கை கழுவும் நேரத்தில் தெரியும். கோபம் கூடக் கூட சோப்பு கரையும். ஒருமுறை ஊசிகளைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் தண்ணீர் வற்றிக் கருகிவிட்டது. அன்றைக்கு ஒரு சோப்புக் கட்டி பாதியாக இளைத்ததை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இடுப்பு வலிக்காரர்களை அவர் பார்க்கும் முறையே தனி. முதலில் வலியைப் பற்றிக் கேட்க மாட்டார். "கூட வந்தவுக எல்லாம் வெளிய போய்க் காத்து வாங்குங்க" என்பார். எங்கள் பக்கத்தில் மாமியாரோ நாத்தனாரோ கூட வந்து, நோயாளிக்குப் பதிலாக அவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். நோயாளி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பாள். அவர்கள் வெளியே போனதும் நோயாளியை வராந்தாக் கடைசி வரை நடந்துவிட்டு வரச் சொல்வார். பிறகு சுவரோரம் கிடக்கும் பெஞ்சில் உட்காரச் சொல்வார். எப்படி உட்காருகிறாள், எந்தக் கையை ஊன்றுகிறாள், எவ்வளவு நேரம் அப்படியே இருக்கிறாள் என்று பார்ப்பார். படுக்க வைத்துக் காலை நீட்டியபடியே தூக்குவார். கால் விரலை மடக்கித் தள்ளச் சொல்வார். கடைசியில், கேட்கக் கூசும் கேள்விகளைச் சந்தையில் விலை விசாரிக்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்பார்: "ஒண்ணுக்கு வர்றது தெரியுதா? அடியில தொட்டா உணர்ச்சி இருக்கா?"

அந்தக் கேள்வி எதற்கு என்று பாலவனத்தத்திலிருந்து வந்த ஒரு அக்காவைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். பருத்தி மூட்டையைத் தூக்கியவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, முந்தின நாளிலிருந்து சிறுநீர் வரவில்லை என்று வந்தாள். உட்காரும் இடம் முழுக்க மரத்திருந்தது. டாக்டரம்மா கையைத் துடைக்கக்கூட இல்லை. "காரை வரச் சொல்லு. மதுரைக்கு இப்பவே போகணும். முதுகுத் தண்டுல நரம்பு நசுங்கிக்கிடக்கு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணலைன்னா நசுங்குனது நசுங்குனதுதான்" என்றார். அந்த அக்கா பிழைத்து, நடந்து, பிறகு எங்களுக்கு வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டாக்டரம்மா கத்தியைக் கண்டு பயப்படுகிறவர் இல்லை. வேண்டுமென்றால் ஒரு நிமிடம் தாமதிக்க மாட்டார். வேண்டாமென்றால் யார் வந்து கெஞ்சினாலும் எடுக்க மாட்டார்.

அப்படிக் கெஞ்சியவள்தான் முத்துமாரி.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருச்சுழி போகும் வழியில் ஒரு கிராமம் அவளுக்கு. முப்பது வயதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். புருஷன் பாண்டி பாளையம்பட்டியில் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தான். அவள் வீட்டில் ராட்டை வைத்து நெசவுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். தரையில் ஒரு மணைப்பலகையைப் போட்டு, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, பொழுதுக்கும் உட்கார்ந்து சுற்ற வேண்டிய வேலை. அதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் சுமக்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.

மாமியார் சீனியம்மாள்தான் அவளை அழைத்து வந்தார். உள்ளே வந்ததும் தீர்ப்பையும் அவரே சொன்னார்.

"கர்ப்பப்பைய எடுத்துருங்கம்மா. வேற ஊருல ஒரு டாக்டர்ட்ட காமிச்சோம். எடுத்தாத்தான் இடுப்பு வலி போகும்னு சொல்லிட்டாக. எங்க தெருவுல ரெண்டு பேரு எடுத்துட்டு நல்லா இருக்காளுக."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பிள்ளை பெற்றுவிட்ட பெண்ணுக்கு இடுப்பு வலித்தால், இனிமேல் அது எதற்கு, எடுத்துவிடு என்பார்கள். வேண்டாத பரண் சாமானை இறக்கிப் போடுகிற மாதிரிதான் பேசுவார்கள்.

டாக்டரம்மா வழக்கம்போல அவரை வெளியே அனுப்பினார். முத்துமாரி நடந்தாள், நன்றாகவே நடந்தாள். "உக்காரு" என்றதும் பெஞ்சின் பக்கம் போகாமல் நின்றாள். இரண்டாவது முறை சொன்னதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி பெஞ்சிலும் பாதி காற்றிலுமாக ஒட்டிக்கொண்டாள். மேல் உதட்டில் வேர்த்தது.

"எங்கம்மா வலிக்குது?"

"இடுப்புலம்மா."

"இடுப்பு மட்டுந்தானா?"

"ஆமாம்மா. பைய எடுத்துருங்கம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. உள்ளே சோதித்துப் பார்த்ததில் கர்ப்பப்பை நன்றாக இருந்தது. எனக்கோ அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "எடுத்துத்தான் விட்டுருங்களேன்மா, இப்படித் துடிக்கிறாளே" என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கை கழுவப் போனார். அவ்வளவு நேரம் கழுவும்போதே நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தங்கச் சொன்னார். மறுநாள் காலை வார்டில் ஒரே சத்தம். சீனியம்மாள் மருமகளைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறையிட்டார்.

"நீங்களே கேளுங்க சிஸ்டர் இந்தக் கூத்த. தலைக்கு வைக்கிற சும்மாட்ட எடுத்து அடியில போட்டு உக்காந்திருக்கா. வீட்டுலயும் இதே சோலிதான். தண்ணிக் குடத்துக்கு வைக்கிறது, சாமிக்குக் கூழ்ப்பானை தூக்குனா அதுக்கும் வைக்கிறது. அதுல போயி குண்டிய வைக்கலாமா? குடும்பம் வெளங்குமா?"

கட்டிலில் பார்த்தேன். பழைய சேலையைத் திருகி வளையமாகச் சுற்றிய சும்மாடு. அதன் மேல் முத்துமாரி நேராக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வெட்கம் இருந்தது, வேதனை இல்லை.

எனக்குப் பின்னால் டாக்டரம்மா வந்து நின்றிருந்தார். சீனியம்மாளைப் பார்த்து, "நல்லாச் சொன்னீக, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து சீனியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேலி இல்லை. அவரை வெளியே அனுப்பிவிட்டு, டாக்டரம்மா கட்டிலில் முத்துமாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் அவர் உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நடுவுல படாம இருந்தா வலிக்கல, இல்லையா?"

முத்துமாரி தலையைக் குனிந்தாள்.

"நின்னா?"

"நின்னாக் கொறையும்மா."

"காட்டுக்குப் போயி குத்த வச்சு உக்காரும்போது?"

"அப்பவும் இல்லம்மா."

"ராத்திரி தூக்கத்துல எழுப்புதா?"

"இல்லம்மா. உக்காந்தாத்தான். மொளகாப் பொடியத் தூவுன மாதிரி அந்த எடத்துல எரியும்மா. எப்படிம்மா அதப் போயி வெளிய சொல்லுவேன்? அவுககிட்டயே சொன்னதில்ல." சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிள்ளை பிறந்த காலத்திலிருந்தே கொஞ்சம் இருந்திருக்கிறது. வீட்டிலேயே நடந்த, நாள் முழுக்க முக்கிய பிரசவம். பிறகு ராட்டையில் உட்கார்ந்து உட்கார்ந்து முற்றிவிட்டது. முதுகோடு சேர்ந்த இடுப்பு வலியை மட்டும் எல்லாருக்கும் சொன்னாள், ஏனென்றால் அது சொல்லக்கூடிய இடத்தில் இருந்தது.

டாக்டரம்மா எனக்குச் சொல்லித்தந்தது இதுதான். உட்காரும் எலும்புக்குச் சற்று மேலே, உள்பக்கமாக முள் போல ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அடிப்பகுதிக்கெல்லாம் உணர்ச்சி தருவது அதுதான். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கும்போது அந்த நரம்பைத்தான் மரக்கச் செய்வோம். "பிரசவத்துக்குப் போடுற ஊசியத்தான் இவளுக்கும் போடப் போறேன். வலி போச்சுன்னா வலி நரம்போடது. போகலைன்னா நான் சொன்னது தப்பு, அப்புறம் மத்ததப் பாப்போம்" என்றார்.

மறுநாள் காலை ஊசி போட்டோம். கண்ணாடி சிரிஞ்சையும் நீள ஊசியையும் நானே கொதிக்க வைத்தேன். பாத்திரத்தை விட்டு நகரவில்லை. முதலில் கையில் ஒரு சொட்டு மருந்து போட்டு ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்தோம். டாக்டரம்மா இரண்டு விரலால் உள்ளே அந்த எலும்பு முள்ளைத் தேடினார். அதை லேசாக அழுத்தியதுமே முத்துமாரி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "அதேதாம்மா! அதே வலிதான்!" என்று கத்தினாள். வலி ஒளிந்திருந்த இடம் கிடைத்துவிட்டது. விரலை ஒட்டியே ஊசியை மெதுவாக உள்ளே விட்டார். மருந்தை உடனே தள்ளவில்லை. பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ரத்தம் வரவில்லை என்று எனக்கும் காட்டிவிட்டுத்தான் தள்ளினார். பிறகு மறுபக்கமும் அதேபோல.

கொஞ்ச நேரம் கழித்து அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டி வந்தோம். அதே பெஞ்சு. சும்மாடு இல்லை.

"உக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். முழுதாக உட்கார்ந்தாள். கண்ணை மூடி எதற்கோ காத்திருந்தாள். அது வரவில்லை. கண்ணைத் திறந்து உட்கார்ந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். "எரியலயே" என்றாள். "சிஸ்டர், எரியலயே!"

டாக்டரம்மா அவள் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முந்தாநாள் எங்கிட்ட என்ன சொன்ன? பைய எடுத்துருங்கன்னு சொன்ன. எடுத்துட்டா இன்னொரு பிள்ளை கிடையாது. அது நீ சொன்னதா, வலி சொன்னதான்னு எனக்குத் தெரியணும். இப்ப வலி இல்ல. இப்பச் சொல்லு. பிள்ளை வேணுமா, வேண்டாமா?"

முத்துமாரி மறுபடியும் பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"வேணும்மா" என்றாள். அப்புறம் உடைந்து அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

ஊசியின் வேகம் மதியத்துக்குள் இறங்கிவிட்டது, எரிச்சல் திரும்பி வந்தது. ஆனால் எதை எடுக்கக் கூடாது என்பது தெரிந்துவிட்டது. முதுகுக்காக மதுரைக்கு அனுப்பினார். அங்கே எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் கொஞ்சம் தேய்மானம்தான், அதற்கும் கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "முதுகு வலியும் கீழ வலியும் அக்கா தங்கச்சி மாதிரி. ஒண்ணு அழுதா இன்னொண்ணும் சேர்ந்து அழும். ரெண்டையும் ஒண்ணாத்தான் சமாதானம் பண்ணணும்" என்று டாக்டரம்மா விளக்கினார்.

உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. வைத்தியம் என்னவென்று கேட்க பாண்டியும் சீனியம்மாளும் வந்து உட்கார்ந்தார்கள். சில மாதங்களுக்கு அவ்வப்போது வந்து அதே ஊசியைப் போட்டுக்கொண்டால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். முதுகுக்குப் பயிற்சி செய்ய வேண்டும். தரையில் உட்கார்ந்து நூல் சுற்றக் கூடாது. குடம் தூக்கக் கூடாது.

"அப்பத் தண்ணிக்கு?" என்றார் சீனியம்மாள்.

"பாண்டி எடுக்கட்டும்."

"ஆம்பளப் பிள்ளையா? கொடத்தத் தூக்கிட்டுக் கொழாயடியில பொம்பளைக நடுவுல நிக்கவா? ஊரே சிரிக்கும்மா! அதுக்கு அந்தப் பையையே எடுத்துத் தொலைங்க. ஒரு மாசம் படுத்துக் கெடப்பா, அப்புறம் எந்திரிச்சு வேலையப் பாப்பா."

டாக்டரம்மா அன்றைக்கு எழுந்து போய்க் கை கழுவவில்லை. அப்படியே உட்கார்ந்து சொன்னார்: "ஆபரேஷன்னா வேலை எனக்கு. இந்த வைத்தியத்துல வேலை ஒங்களுக்கு. அதான் ஒங்களுக்கு ஆபரேஷன் புடிச்சிருக்கு. கூரை ஒழுகுதுன்னு வந்துட்டு அடுப்ப இடிக்கச் சொல்றீக. நான் இடிக்க மாட்டேன். வேற யாராவது இடிப்பாக. கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போங்க."

பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை அந்த ஆஸ்பத்திரியில் அவன் குரலையே நான் கேட்டதில்லை. அன்றைக்கு முதல்முறையாகப் பேசினான்.

"சைக்கிள்ல கட்டி எடுத்துருவேன்த்தா. சிரிக்கிறவுக சிரிச்சிட்டுப் போகட்டும்."

சிரிக்கத்தான் செய்தார்கள். பொண்டாட்டிதாசன் என்று பெயர் வைத்தார்கள். அவன் கேரியரின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தான். ராட்டையை ஒரு உயரமான மேடையில் தூக்கி வைத்து, அவள் நின்றுகொண்டே சுற்றும்படி செய்து கொடுத்தான். நடுவில் நல்ல மாதங்களும் இருந்தன, மோசமான மாதங்களும் இருந்தன. ஊசிக்கு வரும்போதெல்லாம், "எப்படி இருக்கு?" என்று நான் கேட்பேன். "பாதி போச்சு சிஸ்டர். மீதி எப்பவாச்சும் வந்து எட்டிப் பாக்குது" என்பாள். முழுதாகப் போய்விட்டது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் சில காலம் வரவில்லை. மறுபடி வந்தபோது வயிறு தெரிந்தது. நாள் நெருங்கியபோது, மறுபடியும் முக்கி அந்த நரம்பை இழுக்க வேண்டாம், வயிற்றைத் திறந்தே எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. சீனியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கும்மா ஒங்க ஞாயம். ஆபரேஷன் பண்ணுங்கன்னு வந்தோம், மாட்டேன்னீக. இப்ப நாங்க பயப்படுறோம், பண்ணியே தீருவேங்கிறீக" என்றார். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்ட சில தடவைகளில் அதுவும் ஒன்று.

மறுபடியும் பெண் குழந்தை. மாமியார் என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டே துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்க் காட்டினேன். சீனியம்மாள் பார்த்தார். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. சாமான் எடுத்துவர ஊருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். முத்துமாரி வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் அவளை முதன்முதலாக எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துக் குழந்தைக்குப் பால் கொடுக்கச் செய்ய வேண்டும். நான் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது சீனியம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி, தலையில் துணி மூட்டையோடும் பாத்திரக் கூடையோடும் வார்டுக்குள் வந்தார். மரநாற்காலியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "பொறு, உக்காராத" என்றார்.

சுமையை இறக்கித் தரையில் வைத்தார். தன் தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து, உதறி, இறுக்கித் திருகி, நாற்காலியின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார்.

"இப்ப உக்காருத்தா" என்றார். "பிள்ளை பசியோட இருக்கா."